வாசகர் கேள்வி – பதில்: துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த பின்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மலேசியாவின் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்தவை. அங்குள்ள வாசகர்கள் சிலர் ஒரு மாலையில் கூடி, ‘டெத் பை நம்பர்ஸ்’ என்னும் குறும் ஆவணப்படத்தைப் பார்த்திருக்கிறார்கள். 2018 பிப்ரவரி 14 அன்று அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துப் பார்க்லாண்ட் நகரில், ஓர் உயர்நிலைப்பள்ளிக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் காயமடைந்து உயிர் பிழைத்த மாணவி ஒருவர், தாம் எழுதி வைத்த குறிப்புகளின் வழியாகத் தம் கதையைத் தாமே சொல்லும் படம் அது. 2024இல் வெளிவந்து, 2025ஆம் ஆண்டின் ஆஸ்கார் விருதுக்கான குறும் ஆவணப்படப் பிரிவில் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. கடிதங்கள் எல்லாம் இப்படத்தைச் சுற்றியே அமைந்திருப்பதால் இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியுள்ளேன். சிலர் கேட்டுக்கொண்டதால் எவருடைய பெயரையும் வெளியிடவில்லை.

கேள்வி: ஐயா, நான் தோட்டத்து அலுவலகத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். படம் மனத்தை உலுக்கியது உண்மைதான். ஆனால் அங்கே துப்பாக்கி கடையில் கிடைக்கிறது, இங்கே கிடைப்பதில்லை. நம் பிள்ளைகளைப் பற்றிய கவலைகள் வேறு: குண்டர் கும்பல், குடி, படிப்பைப் பாதியில் விடுவது. எங்கோ நடந்த ஒன்றை நாம் ஏன் உட்கார்ந்து பார்க்க வேண்டும்?

பதில்: சட்டத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரியே. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி நம் நாட்டில் உரிமம் இல்லாமல் எவரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. பயிரைக் காக்க வேட்டைத் துப்பாக்கி ஒன்றை வைத்துக்கொள்ள விரும்புகிறவரும் காவல் துறையின் அனுமதியைப் பெற்றாக வேண்டும். கொள்ளை போன்ற குற்றங்களின்போது துப்பாக்கியால் சுடுவோருக்கு 1971ஆம் ஆண்டின் சட்டம் மரண தண்டனை வரை வழிவகுக்கிறது. இந்தக் கட்டுப்பாடு நம் பிள்ளைகளைக் காத்து வருகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. அமெரிக்காவிலோ, 2020ஆம் ஆண்டில் 1 முதல் 19 வயது வரையிலானவர்களின் இறப்புக்கான காரணங்களில் துப்பாக்கி முதலிடத்துக்கு வந்து, சாலை விபத்துகளையும் முந்திவிட்டது.

ஆனால் நீங்கள் பார்த்த படம் துப்பாக்கி வணிகத்தைப் பற்றிப் பேசுவதற்காக எடுக்கப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. பார்க்லாண்டில் அந்தத் தாக்குதல் ஏறத்தாழ 6 நிமிடங்களில் முடிந்துவிட்டது. 14 மாணவர்களும் பள்ளிப் பணியாளர் 3 பேரும் இறந்தார்கள். 17 பேர் காயமடைந்தார்கள். செய்தித்தாள்கள் அந்த 6 நிமிடங்களைப் பற்றி எழுதித் தீர்த்தன. அன்று குண்டடி பட்ட ஒரு பெண் அடுத்த நான்காண்டுகளை எப்படிக் கழித்தார், எதை எழுதினார், எதை எழுத முடியாமல் நிறுத்தினார், கடைசியில் சுட்டவன் அமர்ந்திருந்த நீதிமன்றத்துக்குள் எப்படி நடந்து சென்றார் என்பதைப் பற்றி எழுதுவதற்குத்தான் ஆள் இல்லை. படம் அந்த இடத்தை நிரப்புகிறது. அரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஓடுகிறது என்றாலும், ஒரு பிழைத்த பிள்ளையின் பேச்சை இடைமறிக்காமல் அவ்வளவு நேரம் கேட்கும் பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

பள்ளிக்குள் உயிர்ப்பலி என்பது நம் நாட்டுக்கு வராத ஒன்று என்று சொல்லும் நிலையிலும் நாம் இல்லை. 2025 அக்டோபர் 14 அன்று, சிலாங்கூரின் பண்டார் உத்தாமாவில், பள்ளி நேரத்திலேயே 16 வயது மாணவி ஒருவர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். 14 வயது மாணவன் மீது கொலைக்குற்றம் சாட்டப்பட்டது. அன்று அந்தக் கட்டடத்தில் இருந்த பிள்ளைகள் இன்னும் பள்ளிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஐந்தாண்டு கழித்து என்ன தேவைப்படும் என்பதை நம் நாட்டில் இன்னும் எவரும் அனுபவத்தால் அறிந்திருக்க வாய்ப்பில்லை. பார்க்லாண்டில் அறிந்திருக்கிறார்கள். இப்படத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே போதுமான காரணம்.

கேள்வி: சுட்டவனுக்கு அப்படிப்பட்ட துப்பாக்கி எப்படிக் கிடைத்தது? அதன் பிறகு சட்டம் மாறியதா? – படிவம் 5 மாணவி

பதில்: அவனுக்கு அப்போது 19 வயது. ஏ.ஆர்.-15 வகைத் துப்பாக்கியைச் சட்டப்படி விலை கொடுத்தே வாங்கியிருந்தான். பிழைத்த மாணவர்கள் மாநிலத் தலைநகருக்குச் சென்று சட்டமன்ற உறுப்பினர்களை நேரில் கண்டு வற்புறுத்தியதன் பின், 2018 மார்ச் 9 அன்று, அதாவது ஒரு மாதத்துக்குள், துப்பாக்கி வாங்குவதற்கான வயதை 21 ஆக உயர்த்தும் சட்டத்தில் புளோரிடா ஆளுநர் கையெழுத்திட்டார். பிரிட்டனில் 1996 மார்ச் 13 அன்று டன்பிளேன் தொடக்கப்பள்ளியில் 16 குழந்தைகளும் அவர்களின் ஆசிரியையும் கொல்லப்பட்ட பிறகு, பெற்றோர் நடத்திய இயக்கத்தின் விளைவாக, 1997இல் ஏறக்குறைய எல்லாக் கைத்துப்பாக்கிகளும் தடை செய்யப்பட்டன. ஆனால் அமெரிக்காவில் 2012இல் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 20 சிறு குழந்தைகளும் பெரியவர்கள் 6 பேரும் இறந்தபோதுகூட, நாடு முழுவதற்குமான பெரிய சட்ட மாற்றம் எதுவும் உடனே வரவில்லை. தங்கையே, உன்னைவிட இரண்டொரு வயது மட்டுமே மூத்தவர்கள் ஒரு மாநிலத்தின் சட்டத்தை மாற்றினார்கள் என்பதைக் குறித்து வைத்துக்கொள்.

கேள்வி: ஐயா, 17 பேரைக் கொன்றவனுக்கு மரண தண்டனை கிடைக்கவில்லை. அப்படியிருக்க, அந்தப் பெண் நீதிமன்றத்தில் அவன் எதிரே நின்று பேசியதால் என்ன பயன்? பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. – லாரி ஓட்டுநர்

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, இறந்த பிள்ளைகளின் பெற்றோர் பலரும் அதே கோபத்துடன்தான் அந்த நீதிமன்றத்தை விட்டு வெளியேறினார்கள். குற்றவாளி 2021இல் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். எனவே தண்டனை எது என்பது மட்டுமே விசாரிக்கப்பட்டது. 12 பேர் கொண்ட நடுவர் குழுவில் 9 பேர் மரண தண்டனையை ஆதரித்தார்கள். 3 பேர் ஏற்கவில்லை. அப்போது அம்மாநிலத்தில் 12 பேரும் ஒருமித்தாக வேண்டும் என்பது சட்டம். எனவே, வெளியே வர வழியில்லாத ஆயுள் சிறை 2022 நவம்பரில் விதிக்கப்பட்டது. மறு ஆண்டே புளோரிடா அந்தச் சட்டத்தைத் திருத்தி, 8 பேர் இசைந்தால் போதும் என்று ஆக்கியது.

ஆனால் அந்தப் பெண் பேசியதன் பயனைத் தண்டனையை வைத்து அளக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த வழக்கு நடந்த மாதங்களில் நீதிமன்றம் பெரும்பாலும் சுட்டவனைப் பற்றியே பேசியது: அவனைப் பெற்றவளின் குடிப்பழக்கம், அவனது மூளை வளர்ச்சி, அவன் இணையத்தில் எழுதியவை. சட்டப்படி அது தேவையானதே. ஆயினும் காயப்பட்டவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? அவர்களுடைய எலும்பும் சதையும் வழக்குச் சான்றுகளாக எண்ணிடப்பட்டு மேசைமேல் வைக்கப்பட்டிருந்தன. சாட்சிகளாகக் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னதைத் தவிர, அவர்களுடைய குரலுக்கு இடம் குறைவு. தீர்ப்பு அறிவிக்கப்படுவதற்கு முன் இரண்டு நாள்கள் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டன. அப்போது அவர்கள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. யாரும் அவர்களைக் குறுக்கு விசாரணை செய்யவும் இல்லை. தான் சொல்ல விரும்பியதை, தான் தேர்ந்த சொற்களில், தன்னைச் சுட்டவன் கேட்டே ஆக வேண்டிய நிலையில் சொல்லி முடிப்பது, அவன் செத்தாலும் கிடைக்காத ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

இதை நம் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது: நம் நாட்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 183ஏ பிரிவும், தண்டனை விதிக்கப்படுவதற்கு முன், பாதிக்கப்பட்டவரோ அவருடைய குடும்பத்தாரோ தமக்கு நேர்ந்த பாதிப்பை நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்ல இடம் தருகிறது. அதைக் கேட்டுப் பெற வேண்டும். தோட்டப்புறத்துக் குடும்பங்கள் பல, வழக்கு என்றாலே காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுத் தேதிக்குத் தேதி பின்னிருக்கையில் உட்கார்ந்துவிட்டு வருவது என்றே நினைத்துக்கொண்டிருக்கின்றன. அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

கேள்வி: நான் இளம் ஆசிரியை. படத்தில் ஊக்கம் தரும் செய்தி போதவில்லை என்று எனக்குப் பட்டது. துன்பத்தை வென்று சாதித்தவராக அவரைக் காட்டியிருந்தால் மாணவர்களுக்கு நல்ல எடுத்துக்காட்டாக இருந்திருக்குமே?

பதில்: அம்மா, இந்தக் கருத்தோடு நான் முற்றிலும் மாறுபடுகிறேன். பிழைத்தவர்களிடம் நாம் வைக்கும் எதிர்பார்ப்புகளிலேயே மிகக் கொடியது, அவர்கள் நமக்கு ஊக்கம் தர வேண்டும் என்பது.

இப்பெண்ணின் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சம்பவம் நடந்து ஆறு வாரங்கள்கூட ஆகாத நிலையில், 2018 மார்ச் 24 அன்று, வாஷிங்டனில் இலட்சக்கணக்கானோர் திரண்ட பேரணியில் அவர் மேடையேறிப் பேசினார். பேசிக்கொண்டிருக்கும்போதே குமட்டல் எடுத்து வாந்தி எடுத்துவிட்டார். உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் எழுந்து, பேச்சை முடித்து, பிறகு கூட்டத்தையே பிறந்தநாள் வாழ்த்துப் பாட வைத்தார். அவருடைய வகுப்பறையிலேயே சுடப்பட்டு இறந்த மாணவன் ஒருவனுக்கு அன்று 18 வயது நிறைவடைந்திருக்க வேண்டும். செய்தியாளர்கள் அந்தத் துணிச்சலைப் பாராட்டினார்கள். துணிச்சல்தான். ஆனால் அந்த 18 வயதுப் பெண்ணின் உடல் அந்த மேடையிலேயே தன்னால் இயலவில்லை என்று சொல்லிவிட்டது என்பதையும் நாம் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஓராண்டு கழித்து, 2019 மார்ச்சில், பார்க்லாண்டில் உயிர் பிழைத்த மாணவர்கள் இருவர் ஒரே வாரத்துக்குள் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அடுத்த சில நாள்களிலேயே, சாண்டி ஹூக்கில் மகளை இழந்த தந்தை ஒருவரும் அவ்வாறே இறந்தார். ஒரு தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் சொல்லிவிட முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் நண்பர்கள் இறக்கத் தாம் மட்டும் இருப்பதைக் குற்றமாகவே உணரும் மனநிலை, பேரழிவில் தப்பியவர்களிடம் அடிக்கடி காணப்படும் ஒன்று என்பதை மனநல மருத்துவம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. அப்படிப்பட்ட ஒருவரிடம் போய், நீ எங்களுக்கு எடுத்துக்காட்டு, நீ உடைந்துவிடக் கூடாது என்று சொன்னால், அவர் உதவி கேட்பதற்கு இருந்த வழியை நாமே அடைத்துவிடுகிறோம். உங்கள் வகுப்பிலும் தந்தையின் அடியிலிருந்தோ, சாலை விபத்திலிருந்தோ பிழைத்த பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். வெற்றிக் கதைகளை மட்டுமே காட்டும் ஆசிரியையிடம் அது வாய் திறக்காது.

கேள்வி: ஐயா, என் மகள் படிவம் 2 படிக்கிறாள். பண்டார் உத்தாமா செய்தி வந்ததிலிருந்து டிக்டாக்கில் அது தொடர்பான காணொளிகளையே பார்க்கிறாள். காலையில் வயிற்று வலி என்கிறாள். பள்ளி விடுமுறை நாளில் வலி இல்லை. கோயிலில் கயிறு கட்டினோம். நடிக்கிறாள் என்கிறார் அவளுடைய தகப்பனார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: நடிப்பு இல்லை, அம்மா. பயம் வயிற்றில் வலியாக வருவது பிள்ளைகளிடம் மிகவும் சாதாரணம்; வலி உண்மையாகவே இருக்கும். அதைத் தகப்பனாருக்கு நீங்கள் முதலில் எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளையைப் பொய் சொல்பவளாக வீடு நினைக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால், வயிற்று வலியோடு இன்னொரு சுமையும் சேர்ந்துவிடும். கயிறு கட்டியது அவளுக்கு ஆறுதல் தருமானால் இருக்கட்டும். அதோடு நின்றுவிட வேண்டாம்.

அடுத்தது கைத்தொலைபேசி. ஒரு காணொளியை அவள் முழுதாகப் பார்த்தால் அதே வகையில் இன்னும் பலவற்றை அது கொண்டுவந்து தருகிறது என்பதால், ஒரே சம்பவம் நாள்தோறும் புதிதாக நடப்பதுபோல் அவளுக்கு இருக்கிறது. பிடுங்கி வைத்தால் சண்டைதான் வரும். பக்கத்தில் உட்கார்ந்து, என்ன பார்க்கிறாள் என்று நீங்களும் பார்த்து, அவற்றில் எது உண்மை, எது யாரோ கதை கட்டியது என்று இருவரும் சேர்ந்து பிரித்துப் பாருங்கள். பிறகு இரவு உணவுக்குப் பின் தொலைபேசி கூடத்தில்தான் இருக்கும் என்பதை வீட்டில் எல்லாருக்கும் உரிய வழக்கமாக ஆக்குங்கள், உங்களுக்கும் சேர்த்து.

பேச்சைத் தொடங்கும்போது, ‘பயப்படாதே’ என்று ஆரம்பிக்காதீர்கள். பள்ளியில் எந்த நேரம் மிகவும் கஷ்டமாக இருக்கிறது, எந்த இடம் பயமாக இருக்கிறது என்று கேளுங்கள். கழிப்பறைக்குத் தனியே போவதாக இருக்கலாம், இடைவேளையில் சிற்றுண்டிச்சாலைக் கூட்டமாக இருக்கலாம். அல்லது செய்தியோடு தொடர்பே இல்லாமல், அவளை எவரேனும் தொல்லைப்படுத்துவதாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். ஊரெல்லாம் பேசும் ஒரு பயத்தைச் சொல்லித் தன் சொந்தப் பயத்தை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. ஒரே உட்காரலில் எல்லாவற்றையும் கறந்துவிட முயலாமல், அவள் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள்.

பள்ளிக்கு அனுப்புவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வீட்டிலேயே இருந்தால் வலி தணியும், பயம் வளரும். வகுப்பாசிரியரையும் ஆலோசக ஆசிரியரையும் நேரில் பாருங்கள். கட்டொழுங்கு ஆசிரியரிடம் போக வேண்டிய செய்தி இது இல்லை. ஒரு மாதம் கடந்தும் தூக்கம் கெடுவது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது, சாப்பாடு குறைவது ஆகியவை தொடர்ந்தால், அரசு சுகாதார மருந்தகத்தில் காட்டி, மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அதிர்ச்சிக்கென்றே வகுக்கப்பட்ட பேச்சுவழிச் சிகிச்சை முறைகள் இன்று இருக்கின்றன. பிள்ளைகளுக்கு அவை நல்ல பலன் தருகின்றன. அவசரமாகப் பேச ஆள் வேண்டுமானால் தாலியான் காசே 15999, சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555 ஆகிய இரண்டையும் உங்கள் தொலைபேசியில் பதிந்து வையுங்கள்.

கேள்வி: ஐயா, என் பாட்டிக்கு 83 வயது. எங்கள் ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒன்றில் பிறந்து, பால்மரம் வெட்டி வாழ்ந்தவர். ஆங்கிலம் தெரியாது, நான் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல அந்தப் படத்தைப் பார்த்தார். முடிந்ததும் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “எங்கள யாராச்சும் கேட்டிருந்தா நாங்களும் சொல்லியிருப்போமே” என்றார். அவருக்கு எட்டு வயது இருக்கும்போது, ஓர் இரவில் லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, வந்தவர்கள் பக்கத்து வீட்டுக் கங்காணியை வெளியே அழைத்துச் சென்று சுட்டார்களாம். எங்கள் வீட்டில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்க அவர் ஒருபோதும் விட்டதில்லை; பொழுது சாய்வதற்குள் பின்கதவைச் சாத்திவிடுவார். காரணம் இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. அவரிடம் மேலும் கேட்கலாமா? கேட்டால் அவருக்கு நோவாகுமா?

பதில்: தம்பி, இவ்வாரம் வந்த கடிதங்களில் உன் கடிதத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கேள். கட்டாயம் கேள். எப்படிக் கேட்பது என்பதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில், உன் பாட்டி எந்த நாள்களைச் சொல்கிறார் என்பதைத் தெரிந்துகொள். 1948 ஜூன் 16 அன்று உன் ஊருக்கு அருகில், எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும், வெள்ளைக்காரத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதையடுத்து இரண்டு நாள்களில் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 ஜூலை 31 வரை, 12 ஆண்டுகள் நீடித்தது. அந்த மூவரின் பெயர்களும் வரலாற்று நூல்களில் இருக்கின்றன. தோட்டத் தொழிலாளிகளோ இரு பக்கத்துக்கும் நடுவில் அகப்பட்டவர்கள். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் காட்டில் இருந்து போரிட்ட கம்யூனிஸ்டுகள் இரவில் வந்து அரிசியும் சந்தாவும் கேட்டார்கள்; கொடுத்தால் பகலில் காவலர்கள் பிடித்துச் சென்றார்கள். கங்காணிகள் துரையின் ஆள்கள் என்று குறிவைக்கப்பட்டார்கள். சிதறியிருந்த லயங்கள் ஒன்று சேர்க்கப்பட்டு முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன; ஊரடங்கு நேரத்துக்குப் பின் வெளியே வந்தால் சுடப்படலாம் என்ற நிலை இருந்தது; காலையில் மரம் வெட்டப் போகும் பெண்களையும், சோறு எடுத்துச் செல்கிறார்களா என்று வாயிலில் நிறுத்திச் சோதித்தார்கள். எட்டு வயதுப் பிள்ளை இவற்றுக்கு நடுவில்தான் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்திருக்கிறது. துரைமார் நினைவுக் குறிப்புகள் எழுதினார்கள், படைத்தளபதிகள் எழுதினார்கள், காட்டில் இருந்த தலைவர்களும் பின்னாளில் எழுதினார்கள். லயத்துப் பிள்ளைகளிடம் யாரும் கேட்கவில்லை. உன் பாட்டி சொன்ன அந்த ஒரு வாக்கியம் 75 ஆண்டுகளாகக் காத்திருந்த குற்றச்சாட்டு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

பார்க்லாண்டில், சுடப்பட்ட அந்தக் கட்டடத்தை வழக்குக்குச் சான்றாக அப்படியே மூடி வைத்திருந்தார்கள். 2022 ஆகஸ்டில் நடுவர் குழு உள்ளே சென்று பார்த்தபோது, காதலர் தினத்துக்காகப் பிள்ளைகள் கொண்டுவந்திருந்த பூக்களும் பரிசுகளும் காய்ந்து கிடந்தன. 2024 ஜூனில்தான் அதை இடிக்கத் தொடங்கினார்கள். சில பெற்றோர் அங்கே நின்று பார்த்தார்கள். உன் பாட்டியின் லயம் எப்போது இடிக்கப்பட்டது என்று கேட்டுப் பார். பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது, குடும்பங்கள் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்ககங்களுக்கும் குடிபெயர்ந்தபோது, அந்த இடம் எந்தக் குறியும் இல்லாமல் போயிருக்கும். அவருக்கு அதை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பு தனியொருத்தியாக வந்து சேர்ந்திருக்கிறது.

இனி, கேட்கும் முறை. இரவில் கேட்காதே, காலையில், அவர் கீரை ஆய்ந்துகொண்டோ வெற்றிலை மடித்துக்கொண்டோ இருக்கும் நேரத்தில் கேள். சுட்ட இரவிலிருந்து தொடங்காதே. லயத்தில் எத்தனை கதவு, யார் யார் பக்கத்தில் இருந்தார்கள், அந்தக் கங்காணிக்குப் பிள்ளைகள் உண்டா, பள்ளிக்கூடத்து வாத்தியார் எப்படிப்பட்டவர் என்று வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து தொடங்கு. அந்த இரவுக்கு அவரே உன்னை அழைத்துச் செல்வார், அல்லது மாட்டார். ஆண்டையோ பெயரையோ அவர் மாற்றிச் சொன்னால் நூலைப் பார்த்துத் திருத்தாதே. சுட்டவர்கள் காட்டிலிருந்து வந்தவர்களா, வேறு எவருமா என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். நீ ஒரு பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவர் சம்மதித்தால் குரலைப் பதிவு செய், சம்மதிக்காவிட்டால் வேண்டாம். பதிவை டிக்டாக்கிலோ புலனக் குழுவிலோ போடுவதில்லை என்று முன்கூட்டியே அவரிடம் வாக்குக் கொடு. பேசி முடித்த பிறகு எழுந்து போய்விடாமல், அன்று முழுவதும் வீட்டில் யாரேனும் அவருடன் இருக்கும்படி பார்த்துக்கொள். அன்றிரவு தூக்கம் கெட்டால், மறுநாளும் கெட்டால், நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல். நோவு சிறிது இருக்கத்தான் செய்யும். ஆனால் கேட்கச் சொல்லி அவரே வாய் திறந்திருக்கிறார் என்பதை மறந்துவிடாதே. வாயை மூடி வைத்திருந்தவரை வற்புறுத்துவதும் இதுவும் ஒன்றல்ல.

பதிவு நன்றாக அமைந்து, பாட்டியும் இசைந்தால், தேசிய ஆவணக் காப்பகத்தை அணுகலாம். வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் அங்கே சேர்த்து வைக்கப்படுகின்றன. அவர் பேசும் தமிழிலேயே அது இருக்கட்டும். பட்டாசு விஷயத்தில், இனி உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் காரணத்தைச் சொல்லுங்கள். பாட்டியின் பிடிவாதம் என்று அவர்கள் முணுமுணுத்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியமில்லை. பார்க்லாண்டில் பிழைத்தவர்கள் பலரும் தங்கள் நாட்டுச் சுதந்திர நாளின் வாணவேடிக்கை இரவைக் கடப்பதற்கு இன்றும் துன்பப்படுகிறார்கள்.

கேள்வி: எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இப்படத்தைப் பள்ளியில் திரையிடலாமா என்று பேசுகிறோம். தமிழ்ப்பள்ளியும் இடைநிலைப்பள்ளியும் அருகருகே உள்ளன. இரண்டிலும் காட்டலாமா? – சங்கச் செயலாளர்

பதில்: தமிழ்ப்பள்ளியில் வேண்டாம். தொடக்கப்பள்ளி வயதில் அது பயத்தை மட்டுமே விட்டுச் செல்லும். இடைநிலைப்பள்ளியில் படிவம் 4, 5 மாணவர்களுக்குக் காட்டலாம். கட்டாயமாக்காமல், பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதலுடன், ஆலோசக ஆசிரியர் அரங்கில் இருக்கும்போது மட்டும் காட்டுங்கள். இடையில் எழுந்து போக விரும்பும் மாணவரை ஏன் என்று கேட்காமல் வெளியே விடுங்கள். வெளியேயும் ஓர் ஆசிரியர் இருக்கட்டும். ஆங்கிலம் கடினமாக இருக்கும் பிள்ளைகளுக்காக முன்னதாகவே ஒரு பக்க அளவில் தமிழ் விளக்கம் கொடுத்துவிடலாம்.

பெற்றோருக்குத் தனியாக ஒரு மாலை ஒதுக்குங்கள் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். அமெரிக்க அதிபருக்குப் பாதுகாப்பளிக்கும் ‘சீக்ரெட் சர்வீஸ்’ 2019இல் வெளியிட்ட ஆய்வொன்று, பள்ளித் தாக்குதல்களை நடத்தியவர்களில் பெரும்பாலோர் முன்பே தங்கள் எண்ணத்தை யாரிடமாவது வெளிப்படுத்தியிருந்தார்கள் என்றும், துப்பாக்கி பயன்படுத்தியவர்களில் பெரும்பாலோர் அதைத் தங்கள் வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ எடுத்தார்கள் என்றும், பலர் சக மாணவர்களின் தொல்லைக்கு ஆளானவர்கள் என்றும் கண்டது. மிச்சிகன் மாநிலத்தில், 15 வயது மகன் 2021இல் பள்ளியில் 4 மாணவர்களைச் சுட்டுக் கொன்றதற்காக, துப்பாக்கியைப் பூட்டி வைக்காமலும் மகனின் நிலையைக் கண்டுகொள்ளாமலும் இருந்த தாயும் தகப்பனும் 2024இல் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த மாலையில், ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட்டுச் சொல்ல வந்தால் அதை உங்கள் பள்ளியில் யார் கேட்பது, அந்த ஆசிரியரின் அறை எங்கே, அவர் எந்த நேரத்தில் இருப்பார் என்பவற்றை முடிவு செய்து, மறுநாளே அறிவிப்புப் பலகையில் தமிழிலும் மலாயிலும் ஒட்டிவிடுங்கள்.